அசையும் முகம் அறிந்த டாக்டரம்மாவுக்கு

முகம் வாடி வந்தோரின் மனவாட்டமும் தீர்த்தவரே, ஊசி முனையிலும் உண்மை வழுவாதவரே, தோல் மருத்துவப் பிரிவின் தலைமை இருக்கையில் அமர்ந்தும் தலைக்கனம் அறியாதவரே, எங்கள் அன்புக்கும் மதிப்புக்கும், மறைப்பானேன், கொஞ்சம் பயத்துக்கும் உரிய டாக்டரம்மா அவர்களே, வணக்கம்.

இன்று மாலையோடு தாங்கள் பணி நிறைவு பெறுகிறீர்கள். நாளைக் காலை நான்காம் மாடி அறைக் கதவின் பின்னால் தங்கள் வெள்ளைக் கோட்டு தொங்காது. அதை நினைத்தால் எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எங்களுக்கு வராது.

தீக்காயத் தழும்போடு வந்த தொழிலாளியையும், திரைக்கு முகம் காட்டும் நடிகையையும் ஒரே நாற்காலியில் அமர்த்தி ஒரே பொறுமையோடு பார்த்த பெருந்தகை தாங்கள். முகப் பள்ளங்களை நிரப்பும் ஹையலூரானிக் அமில ஜெல்கள் நம் மருத்துவமனைக்கு வந்தபோது, எது அதிக நாள் தாங்கும் என்று நாங்கள் கேட்டோம். தாங்கள் மட்டும் எது எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்டீர்கள். எல்லாம் ஒரே கண்ணாடி நிறம், எல்லாம் ஒரே மாதிரி ஊசிக்குழல். ஆனால் ஒன்று அழுத்தினாலும் வடிவம் விட்டுக்கொடுக்காத கெட்டிக்காரன். மற்றொன்று இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும் சாது. ஒன்று சிதறாமல் சேர்ந்தே நிற்கும், இன்னொன்று தண்ணீரை உறிஞ்சி ஊதிப்போகும்.

இதை எங்களுக்கு உணர்த்தத் தாங்கள் கண்ட வழியை யார் மறப்பார்? கண்ணாடித் தட்டில் ஜெல்லுக்கு ஒரு சொட்டாக வைத்து, "கண்ண மூடிட்டுத் தொட்டுப் பாருங்க. பேரப் பாக்காதீங்க, குணத்தப் பாருங்க" என்பீர்கள். "அம்மா, அந்தச் சொட்டுலதான் என் உசுரே இருக்கு" என்று ஜெல்லின் விலையை நினைத்து மருந்துக் காப்பாளர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். ஒரு சொட்டு டாக்டர் என்று தங்களுக்குப் பட்டப்பெயர் வைத்தவரும் அவரே. தாடையையும் கன்ன எலும்பையும் எடுப்பாகக் காட்டக் கெட்டி ஜெல், கண்ணுக்கடியில் நீரை அதிகம் இழுக்காத ஜெல் என்று விரல்நுனி வழியே எங்கள் மண்டையில் ஏற்றினீர்கள். கண்ணுக்கடியில் மாற்றிப் போட்டால், தூங்கி எழுந்தவர் அழுது எழுந்தவர் போலத் தெரிவார் என்று சொல்லிச் சிரிக்கவும் வைத்தீர்கள்.

ஆயினும் இம்மடல் எழுந்தது தங்கள் வெற்றிகளால் அல்ல, தாங்கள் செய்த ஒரு தவற்றால். மாலை போட்டு மேடையில் உட்காரவைத்து இப்படிச் சொல்வதா என்று அவை முகம் சுளிக்க வேண்டாம். அதைச் சொல்லாத பாராட்டு தனக்கு வேண்டாம் என்றவர் டாக்டரம்மாவே.

காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியை ஒருவர், நெடுநாள் நோயில் முகம் ஒட்டிப்போய் வந்தார். "பிள்ளைங்க என்னப் பாத்தா பயப்படுறாங்க, டாக்டர்" என்றார். இழப்பு பெரிது, நீண்ட நாள் தாங்கட்டும் என்று, வாயைச் சுற்றியும் உதட்டிலும் கெட்டி ஜெல்லையே தேர்ந்தீர்கள். நம் புகைப்படக்காரர் வழக்கம்போல, "வாய மூடுங்க, அசையாதீங்க" என்று படம் எடுத்தார். படத்தைப் பார்த்து நாங்கள் கைதட்டினோம். அத்தனை அழகு.

சில வாரங்களில் ஆசிரியை திரும்பி வந்தார். உட்காரவில்லை.

"பாடம் நடத்தும்போது என் வாயப் பாக்குறாங்க, அப்புறம் பக்கத்துல இருக்கறவங்களப் பாக்குறாங்க. நான் சொல்றது அவங்களுக்குப் புரியல. எனக்கு அழகு வேணாம் டாக்டர், என் வாயக் குடுத்துடுங்க."

அந்தப் பிள்ளைகளுக்கு அவர் உதடுகளே குரல். படத்தில் அசையாமல் அழகாக நின்ற ஜெல், வகுப்பிலும் அசைய மறுத்தது. வீக்கம் இறங்கினால் சரியாகும் என்று சொல்லி அனுப்பிவிடலாமே என்று நிர்வாகி காதைக் கடித்தார். தாங்கள் ஆசிரியையைச் சத்தமில்லாமல் பேசச் சொல்லி, வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு எங்கள் எல்லார் முன்னிலையிலும் சொன்னீர்கள்: "வீக்கம் இல்ல. ஜெல்லும் நல்ல ஜெல்தான், இடந்தான் தப்பு. தேர்ந்தெடுத்தது நான். நான் பேசாத முகத்தப் பாத்துட்டு முடிவு பண்ணிட்டேன். ஊசி போட்டு இதக் கரைச்சுடலாம்."

"கரைச்சா பழைய மூஞ்சி வந்துடுமா?" என்று கேட்டார் ஆசிரியை.

"கொஞ்ச நாளைக்கு வரும். அப்புறம் நீங்க பேசிக்கிட்டே இருப்பீங்க, நான் போட்டுக்கிட்டே இருப்பேன்."

அப்படியே செய்தீர்கள். நொதி மருந்தால் கரைத்து, தோல் அமைதியாகும்வரை காத்திருந்து, இழுபட்டு மீளும் மென்மையான ஜெல்லைத் துளித்துளியாக வைத்தீர்கள். துளிக்குத் துளி காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அவரைப் பேசவைத்துப் பார்த்தீர்கள். கடைசியில் பஞ்சை எடுத்துவிட்டு, "திட்டுனீங்கதானே?" என்று கேட்டீர்கள். "ஆமா டாக்டர், புரிஞ்சுதா?" என்றார் அவர். அன்று அந்த அறை சிரித்த சிரிப்பு கீழ்மாடிவரை கேட்டது. அன்றுமுதல் நம் புகைப்பட அறையில் அசையாதீங்க என்ற சொல் ஒழிந்தது. பேசுங்க என்றுதான் தொடங்குகிறோம்.

தவறே செய்யாதவரைத் தூரத்தில் நின்று கும்பிட்டிருப்போம். தவற்றைத் தம் வாயால் சொல்லித் திருத்திய தங்களோடு நெருங்கி நின்று வேலை செய்தோம். இனி தாங்கள் நேரத்துக்கு உண்டு, நிம்மதியாக உறங்கி, நோய்நொடி நெருங்காமல், பேரன் பேத்தியரின் வம்புக்கு மட்டும் அடங்கி, பல்லாண்டு நலமோடு வாழ்க என்று நெஞ்சார வாழ்த்துகிறோம்.

இன்னும் ஒன்றே பாக்கி. அந்த ஆசிரியை எங்கே என்று அவையோர் தேட வேண்டாம். இம்மடலை எழுதியவர்கள் நாங்கள், இப்போது இதை வாசித்துக்கொண்டிருப்பவர் அவர். தாங்கள் அவரைப் பார்க்க வேண்டாம், டாக்டரம்மா. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவருடைய பிள்ளைகளைப் பாருங்கள். இதை எழுதும்போதே எங்களுக்குத் தெரியும்: அவர்களில் ஒருவரும் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

என்றும் தங்கள் அன்பில்,
தோல் மருத்துவப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்கள், புகைப்படக்காரர், மற்றும் இன்றுமுதல் சொட்டுக் கணக்குப் பார்க்க ஆளில்லாமல் தவிக்கும் மருந்துக் காப்பாளர்