கூட்டின் மேல் உட்கார்ந்தவர்

— நான்தான் தோண்டினேன்னு சொல்றேன், நம்ப மாட்டேங்கிறியே தோல்கோர்! ஜீப்ல ஏத்து தாயி, போவோம்.

— இருங்க புந்த்சாக் அண்ணே. இந்தக் கோபிப் பாலைவனத்துல டைனோசர் எலும்புக்குக் காவல் இருக்கறவ நான். திருடன் தானா வந்து, பிடிச்சுக்கோன்னு கையை நீட்டிப் பார்த்ததில்ல. என்ன எடுத்தீங்க?

— வெலோசிராப்டர்.

— அப்படியா? எவ்வளவு பெருசு?

— அடேயப்பா, குதிரை உசரம்! உடம்பெல்லாம் செதில் செதிலா.

— எலும்புல செதில் தெரிஞ்சுதாக்கும்! சினிமாவுல பார்த்ததை எங்கிட்ட அளக்காதீங்க. நிஜத்துல அது உங்க ஆட்டுக்கிடா முதுகுக்குக்கூட வராது. செதிலும் இல்ல, இறகு.

— வயசாச்சு தாயி. கண்ணுக்குப் பெருசா தெரிஞ்சிருக்கும்.

— காணாமப் போனது அதுவே இல்லண்ணே. முட்டைக் கூடு. கூட்டு மேல செத்துக் கிடந்த ஓவிராப்டரையும் சேர்த்துப் பேத்திருக்காங்க.

— ஆங், அதேதான்! முட்டை திருட வந்த மிருகம். அதையும் நான்தான் எடுத்தேன்.

— அது திருட வரலைண்ணே. முதல்ல கண்டெடுத்தவங்க அப்படிப் பழி போட்டு, அதுக்குப் பேரே முட்டைத் திருடன்னு வெச்சுட்டாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்தச் சாதி அடைகாத்தது சொந்த முட்டையைத்தான். மணல் மேல சரிஞ்சப்பக்கூட எந்திரிச்சு ஓடல.

— பெத்த தாய் எப்படி ஓடும்?

— தாயா இருக்காது, தகப்பனா இருக்கலாம்னு இப்ப சொல்றாங்க. ஏண்ணே தலையைக் குனியறீங்க?

— ஒண்ணுமில்ல. வண்டியை எடு தாயி.

— யாரை மறைக்கறீங்க? உங்க மகன் தாம்தினையா?

— அவனை இதுல இழுக்காதே! போன பனியில ஆடெல்லாம் விறைச்சுச் செத்துது. பொண்டாட்டி மாசமா இருக்கா. என்ன பண்ணுவான்? எவனோ வெளியூர்க்காரன் ஆசை காட்டிட்டான். அவன் ஜெயிலுக்குப் போனா அவ கதி என்ன? எனக்கென்ன, கிழம். உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், என்னையே எழுதிக்கோ. அவன் கூடாரத்துக்குள்ள தூங்கறான். அவனை எழுப்பாம என்னைக் கூட்டிட்டுப் போயிடு.

— அவன் தூங்கலைண்ணே. தோண்டினது எங்கப்பா, வந்து பிடிச்சிட்டுப் போங்கன்னு எனக்குப் போன் பண்ணினதே அவன்தான்.