ஒரு மோதிரம் காணாமற்போக வேண்டியிருந்தது

நான் எழுதும் காதல் கதைகளில் கடைசி அத்தியாயம் வரை யாரும் யாரையும் தொடுவதில்லை. இருநூறு வருடங்களுக்கு முந்தைய இங்கிலாந்து. பிரபு வீட்டுப் பிள்ளை கையுறையைக் கழற்றினாலே என் வாசகிகளுக்கு மூச்சு நின்றுவிடும். சாமியறையில் வைத்தே வாசிப்பதாக டோர்ட்மண்டில் ஒரு மாமி சொன்னார். அதைவிட வேறென்ன விருது வேண்டும்?

தேநீரைக் குடி, கவிஷன். ஹம்பேர்க்கிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, வாசலில் நின்றபடியே கேட்டாய்: “தேனுஜாக்கா, அந்த மோதிரம் எங்கயெண்டு உங்களுக்குத் தெரியுமோ?” ஒழுங்காகக் கேட்டதற்கு ஒழுங்காகவே பதில் சொல்கிறேன்.

உன் அக்கா வேணுஜா எனக்குப் பெரியம்மா மகள் என்றாலும் கூடப்பிறந்தவள் மாதிரி. கிருஷாந்தை அவளுக்கு அறிமுகம் செய்ததே நான்தான். பாலம் கட்டும் எஞ்சினியர், நல்ல உயரம், அளவான பேச்சு. என் நாயகனுக்கு அவனுடைய நடையைத்தான் கொடுத்திருந்தேன். ஆனால் அவர்களுடைய காதலில் ஒரு குறை இருந்தது. தடையே இல்லை. இரண்டு வீட்டுக்கும் சம்மதம், சாதகமும் பொருத்தம். இப்படியொரு கதையை யார் வாசிப்பார்கள்? என் நாவலும் அதே இடத்தில்தான் நின்றது. நாயகனும் நாயகியும் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். வாரக்கணக்காக நடந்தார்கள், பாவங்கள்.

ஆகவே நிச்சயதார்த்தத்தன்று மோதிரம் காணாமற்போனது.

மண்டபத்தின் பின்னறையில் கடைசியாக நின்றவன் நீ. பூத்தட்டை எடுத்து வரச்சொல்லி உன்னை அனுப்பியது நான். நீ நகைப் பட்டறையில் அவுஸ்பில்டுங் என்று தொழில் பழகிக்கொண்டிருந்தது அப்போது என் யோசனையில் இல்லை, அவ்வளவாக இல்லை. கிருஷாந்தின் அம்மா சுந்தரேஸ்வரி மாமிதான் அதைப் பிடித்துக்கொண்டார்.

“மோதிரம் காலால நடந்து போகாது. தங்கத்தின்ர விலை தெரிஞ்சவனெல்லோ உள்ளுக்க நிண்டவன்?”

வேணுஜா கிருஷாந்தைப் பார்த்தாள். அவன் தன் சப்பாத்தைப் பார்த்தான்.

“நீங்கள் ஒண்டும் சொல்லேலையே?”

“அம்மா கோவத்தில கதைக்கிறா. பிறகு கதைப்பம், வேணு.”

“பிறகெண்டா எனக்கு ஏலாது. வா தம்பி, போவம்.”

ஒரு சொல் மாற்றாமல் அப்படியே எழுதினேன். பிரபுக்களின் வாயிலும் நன்றாகத்தான் இருந்தது. தோட்டத்திலிருந்து இருவரும் ஒருவழியாக வெளியேறினார்கள்.

ஒரு கிழமை கழித்து மோதிரத்தை எங்காவது ‘கண்டெடுப்பது’ என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குள் கிருஷாந்த் என்னிடம் வரத் தொடங்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் டுசல்டோர்ஃபுக்கு ரயிலேறி வருவான்.

“வேணு என்னைப்பற்றி ஏதும் கேட்டவளோ?”

கேட்டாள்தான், தினமும் போனில். “அவளுக்குக் கொஞ்சம் நேரம் குடுங்கோ,” என்றேன். அவன் வருவதை அவளிடமும் சொல்லவில்லை. நான் பொய் சொல்கிறவள் இல்லை, தம்பி; ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுவது வேறு. கொஞ்ச நாளில் அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். வருவதை நிறுத்தவில்லை.

பட்டறை வேலையிலிருந்து உன்னை நிறுத்தியதும், பெரியம்மா வெளியில் தலைகாட்டாமல் இருப்பதும் எனக்கு வருத்தம்தான். ஆனால் ஹம்பேர்க் நல்ல நகரம். துறைமுகம் இருக்கிறது. நாவலில் உன்னை நிரபராதி ஆக்கிவிட்டேனே, வாசிக்கவில்லையா? கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். குதிரை ஒன்றும் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் எனக்கும் கிருஷாந்துக்கும் கலியாணப் பதிவு. நீயும் வேணுஜாவும் கட்டாயம் வரவேண்டும். வராவிட்டால் ஆட்கள் ஏதாவது நினைப்பார்கள்.

சரி, மோதிரத்தை நான்தான் எடுத்தேன். கதைக்காக மட்டும். அது என் விரலுக்கு அளவாக இருப்பதை நீ பெரிதுபடுத்தக் கூடாது. வேணுஜாவுக்குத் தெரியாமல் வாங்கவேண்டும் என்று அவன் என்னைத்தானே கடைக்குக் கூட்டிப் போனான். அளவெடுக்க வேறு யாருடைய விரலை நீட்டுவேன்?