நின்றிருந்த முப்பத்துநான்கு தறிகள்

— அதெல்லாம் சரி மேடம். ஆனா நாளைக்கு நான் வரல. வண்டிய அனுப்பி வீண் பண்ணாதீங்க.

— தனசேகரன் சார், ரெண்டே நிமிஷம். மேடை ஏறி, "இந்த ஸ்வர்ணலதா மேடம் அஞ்சு வருஷம் முன்ன ஆரணிக்கு வந்து எங்க பட்டுத் தொழில பத்தி ஆராய்ச்சி பண்ணாங்க, எங்களுக்கு உபயோகமா இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு எறங்கிடலாம். காலைல அஞ்சு மணிக்கு கார் உங்க வாசலுக்கு வந்துடும். சாயந்திரத்துக்குள்ள சென்னையிலேருந்து திருப்பிக் கொண்டாந்து விட்டுடுவாங்க.

— உபயோகமா இருந்துச்சா?

— ஆக்சுவலா, அத கேக்கத்தான் சார் இந்த மாநாடே. வெளிநாட்டு வியாபாரத்த பத்தி நாங்க காலேஜ்ல உக்காந்து எழுதறது, வியாபாரம் பண்றவங்களுக்கு எதுக்காவது ஒதவுதான்னு.

— நல்ல கேள்விதான். எத்தினி வருஷமா கேட்டுகினு கீறீங்க?

— எனக்குத் தெரிஞ்சு இருவது வருஷமா.

— பதில் கெடச்சிச்சா?

— அடுத்த மாநாட்டுக்குத் தேதி கெடைக்கும்.

— அப்ப எங்க கூட்டுறவு சங்க மீட்டிங் மாரிதான். டீ, பிஸ்கட்டு, ஒரு போட்டோ. அப்பறம் அவனவன் வூட்டுக்கு.

— சிரிக்காதீங்க சார். கூட சேந்து சிரிக்க எனக்குத் தெம்பு இல்ல. ரெண்டு வாரமா உங்களுக்கு போன் பண்றேன். "ஆமாவா, ஆவட்டும், பாக்கலாம்"னுட்டு, கடைசியில இன்னிக்கு நேர்ல வாங்கன்னீங்க. கண்ணமங்கலத்துல பஸ் மாறி, நின்னுகிட்டே வந்தேன்.

— இன்னிக்குன்னாதான் நான் வூட்ல சும்மா இருப்பேன். அதான் இன்னிக்கு சொன்னேன். ஆனா மேடம், வெளிநாடு, மேடை, மைக்குன்னாலே எனக்கு இப்ப பேஜாரா கீது. வேற யாரையாவது இட்டுகினு போங்க.

— வேற யாரும் இல்ல சார். பதினோரு வருஷமா நான் தற்காலிக வேலையில இருக்கேன். வருஷா வருஷம் ஜூன் மாசம் ஒரு லெட்டர் வரும், இன்னொரு வருஷம் இருன்னு. இந்தத் தடவை புதுசா ஒண்ணு கேக்கறாங்க. எத்தனை கட்டுரை எழுதினேன்னு கேக்கல. காலேஜுக்கு வெளிய ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், அத படிச்சு எதையாவது செஞ்சானா, அதுக்கு அத்தாட்சி குடுன்றாங்க. நாளைக்கு அது கெடச்சா வேலை நிரந்தரம். இல்லன்னா ஜூன்ல நான் வீட்டுக்கு.

— இன்னாங்க, வெயில்ல வந்த பொண்ண வாசப்படியிலயே வெச்சிப் பேசிகினு கீறீங்க. உள்ள வாம்மா. இந்தா, மோரு. காக்காக்கு வெச்சிட்டு எல போட்டுடறேன்.

— ரேணுகாதேவி அம்மா, எனக்காக சிரமப்படாதீங்க. நான் அந்த ஆராய்ச்சிக்கு நாலு தடவை வந்தேன், நாலு தடவையும் வடை, பாயசம், வாழைக்கா வறுவல். என் புத்தகத்தோட மொதப் பக்கத்துல உங்க பேரு போட்டு நன்றி சொல்லியிருக்கேன் தெரியுமா?

— இதுல இன்னா கண்ணு சிரமம். எப்டியும் செய்யறதுதானே. உங்க வூட்ல காக்காக்கு வெக்க மாட்டீங்களா?

— எங்கப்பா கருப்புச் சட்டைக்காரர்மா. நாளு, நட்சத்திரம் எதுவும் வீட்டுக்குள்ள வராது. காலண்டர்ல தேதி மட்டும்தான் பாப்போம்.

— அது ஒரு விதத்துல நிம்மதி. எனக்கு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேல கீது.

— தேவி, பாயசம் அடி பிடிக்குது, போய் பாரு. மேடம், கோச்சிக்காதீங்க. நீங்க வந்தப்ப இருந்த தனசேகரன் வேற. அப்ப நாப்பத்திரெண்டு தறிக்கு நான் பட்டும் பாவு நூலும் குடுத்துகினு இருந்தேன். இப்ப ஒம்போது. அந்த டென்மார்க்காரன் போனதுலேருந்து இப்டித்தான்.

— எந்த டென்மார்க்காரன்?

— பட்டு துப்பட்டா வாங்கிகினு இருந்தானே, ஹென்ரிக். மூணு மாசத்துக்கு ஒருக்கா எரநூறு துப்பட்டா. ஆறு வருஷம். ஒரு துப்பட்டா திரும்பி வந்தது கெடையாது.

— ஹென்ரிக்கா? ஒசரமா, வெள்ளத் தாடி வெச்சிகிட்டு?

— ஆமா. உங்களுக்கு எப்டித் தெரியும்?

— சார், நாளைக்கு மேடையில என் பக்கத்து நாற்காலி அவருதான். அவரும் நீங்களும் சேந்துதான் எனக்கு சாட்சி. என் கட்டுரைய படிச்சிட்டு, அத வெச்சு கம்பெனியில ஒரு முடிவு எடுத்தோம்னு அவரே எழுதியிருக்காரு. பதினோரு வருஷத்துல எனக்கு வந்த ஒரே லெட்டர் அது. படிச்சிட்டு அழுதேன்.

— இன்னா முடிவு?

— அது எழுதல. ஆரணியில சரக்கு எடுக்கற விஷயத்துலன்னு மட்டும்.

— உங்க கட்டுரையில இன்னா மேடம் எழுதியிருந்தீங்க? எனக்கு இங்கிலீஷ் வராது. நீங்க அனுப்புன காப்பிய பத்திரமா வெச்சிருந்தேன், படிச்சதில்ல.

— உங்க பேரு போடல சார். "சப்ளையர் ஏ"ன்னுதான் போட்டேன். அவர்கிட்ட வேலை செய்யற நாப்பத்திரெண்டு தறியில, நேர்ல போய் பாத்தப்ப முப்பத்திநாலு சும்மா நின்னுச்சு. நூத்துக்கு எண்பத்தொண்ணு. அதனால வெளிநாட்டு கம்பெனிங்க ஆர்டர கூட்டிக் குடுக்கலாம், இந்த மாதிரி ஊருக்கு அத தாங்கற சக்தி இருக்குன்னு எழுதினேன். உங்களுக்கு நல்லதுக்குத்தான் எழுதினேன்.

— எண்பத்தொண்ணா?

— ஆமா.

— எண்பத்தொண்ணுன்னே எழுதினீங்களா? எண்பது கூட இல்ல?

— எண்பத்தொண்ணு. ஏன் சார்?

— தேவி. பீரோவுல அந்தக் காயிதம் கீதே, எடுத்தா.

— அத எதுக்குங்க இப்ப? மூணு வருஷமா அத எடுத்து எடுத்துப் பாத்துதான் ஒடம்பு கெட்டுப் போச்சு.

— எடுத்தா.

— இந்தாம்மா. கல்யாணப் பொடவைக்கு அடியில வெச்சிருக்காரு. இது வந்த வாரம் மனுஷனுக்கு சோறு எறங்கல.

— படிங்க மேடம். எம்பொண்ணு லாவண்யா தமிழ்ல சொன்னா, எனக்கு மனப்பாடம். ஆனா நீங்களும் ஒரு தடவ படிச்சி தமிழ்ல சொல்லுங்க.

— ஹென்ரிக் அனுப்புன மெயில்... "அறுநூறு துப்பட்டா கேட்டோம். தறி எல்லாம் நெறஞ்சிருக்கு, முடியாதுன்னு சொன்னீங்க. ஆனா உங்க ஊர்ல நூத்துக்கு எண்பத்தொரு தறி சும்மா நிக்குதுன்னு ஒரு ஆராய்ச்சி சொல்லுது. வெலைய ஏத்தறதுக்காக எங்ககிட்ட உண்மைய மறைக்கறவங்களோட..."

— "தொழில் பண்ண முடியாது." அதோட நிறுத்திட்டான். நான் எட்டு மெயில் போட்டேன். லாவண்யா எழுதிக் குடுத்தா. ஒண்ணுக்கும் பதில் இல்ல. சரக்கு சரியில்லன்னு போயிருந்தா மனசு ஆறியிருக்கும் மேடம். பொய்யன்னு சொல்லிட்டுப் போனான். முப்பத்தஞ்சு வருஷமா இந்த ஊர்ல பட்டு குடுத்து வாங்கறவன் நானு.

— சார், எனக்கு இது தெரியாது. சத்தியமா தெரியாது.

— உங்கள சொல்லல. யாரோ எழுதினான்னு இத்தினி நாளு திட்டிகினு இருந்தேன்.

— ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. தறி நெஜமாவே நெறஞ்சுதான் இருந்துச்சா?

— நான் பொய் சொன்னேன்றீங்களா?

— நான் கண்ணால பாத்தேன் சார். வீடு வீடா போனேன். குழித்தறி பக்கத்துல நின்னு, "இன்னிக்குத் தறி ஓடுதா"ன்னு கேட்டு, பாரத்துல நானே டிக் அடிச்சேன். ஒரு நாள் பாத்துட்டு எழுதல. நாலு மாசம், நாலு தடவை. திங்கள், புதன், வியாழன், சனி. கிழமை மாறி மாறி வந்துச்சு, ஞாயித்துக்கிழமை சிக்கல. இவ்ளோ கவனமா யாரும் பாத்ததில்லன்னு கட்டுரைய சரி பாத்தவங்க எழுதினாங்க. நாலு தடவையும் அதே முப்பத்திநாலு, முப்பத்திமூணு, முப்பத்தஞ்சுதான்.

— நாப்பத்திரெண்டு தறியும் ஓடிச்சு மேடம். பாவு தீர்றதுக்குள்ள அடுத்த பாவு கேட்டு வாசல்ல நிப்பாங்க.

— அப்ப நான் பாத்தது என்ன? இன்னிக்கும்தான் பஸ் ஸ்டாண்டுலேருந்து நடந்து வந்தேன். உங்க தெரு முழுக்க ஒரு தறிச் சத்தம் கேக்கல.

— இன்னிக்கு எப்டிம்மா கேக்கும்?

— ஏன் ரேணுகாதேவி அம்மா, இன்னிக்கு என்ன?

— தேவி, நீ கம்முனு இரு. மேடம், அந்த நாலு நாளும் யாரு குறிச்சிக் குடுத்தது?

— நீங்கதான். ஆளுங்க ஓஞ்சிருக்கற நாளா பாத்து போன் பண்றேன்னு சொன்னீங்க. நீங்க சொன்ன அன்னிக்கு நான் லீவு போட்டுட்டு ஓடி வருவேன்.

— ஏன் ஓஞ்சிருப்பாங்கன்னு நீங்க கேக்கல.

— எனக்கு ஒதவி பண்றீங்கன்னு நெனச்சேன்.

— ஒதவிதான் பண்ணேன். மத்த நாள்ல தறியில உக்காந்தவன எழுப்பி பாரம் நெரப்புன்னா, அவன் பொழப்பு கெடும். அதான் எல்லாரும் வூட்ல இருக்கற நாளா பாத்துக் குடுத்தேன். அமாவாசைக்கு எங்காளுங்க தறிக் குழியில கால் வெக்க மாட்டாங்க மேடம். நீங்க வந்த நாலு நாளும் அமாவாசை. இன்னிக்கும் அமாவாசை.

— நாலுமா?

— நாலும்.

— ஒருத்தர் கூட சொல்லலையே சார். நாப்பத்திரெண்டு வீடு. ஒரு வாய் கூட.

— எத்த சொல்றது? இது தெரியாத ஆளு இருப்பாங்கன்னு யாருக்குத் தோணும்? நீங்க "இன்னிக்குத் தறி ஓடுதா"ன்னு கேட்டீங்க. "இல்லீங்க"ன்னாங்க. அது உண்மதானே. ஏன் ஓடலன்னு கேக்க உங்க பாரத்துல எடம் இல்ல.

— எட்டு தறி ஓடிச்சே.

— அவசர கல்யாணப் பொடவ. அதுக்கே அவங்க வூட்டுப் பெரியவங்க திட்டிகினு இருந்திருப்பாங்க.

— அப்ப அந்த வடை, பாயசம்...

— அது எங்க மாமனார் மாமியாருக்குப் படைச்சது கண்ணு. ஆனா உனக்கும் மனசோடதான் போட்டேன். அத நீ தப்பா எடுத்துக்காத.

— இல்லம்மா. நான்தான் எல்லாத்தையும் தப்பா எடுத்துகிட்டேன்.

— தப்பு எங்கிட்டயும் கீது மேடம். எவன்டா நம்ம ஊர இப்டி எழுதினான்னு மூணு வருஷமா கேட்டுகினு இருந்தேன். நாள் குறிச்சிக் குடுத்த கை இதுதான்.

— சார், இது வேற யாருக்காவது தெரியுமா?

— அமாவாசைக்கு தறி ஓடாதுன்னா? ஊருக்கே தெரியும். உங்களுக்கும் அந்த ஹென்ரிக்குக்கும்தான் தெரியாது.

— எல்லாரும் அத நம்பி மேல மேல எழுதிட்டாங்க சார். பாடத்துல வெச்சிருக்காங்க. நாளைக்கு முந்நூறு பேரு வர்றாங்க. ஆராய்ச்சி ஒதவும்னு சொல்றதுக்கு அவங்ககிட்ட இருக்கற ஒரே உதாரணம் நான்தான்.

— ஒதவுச்சே. ஒருத்தன் படிச்சான், படிச்சபடி செஞ்சான். நீங்க கேட்ட அத்தாட்சி உங்க கையிலதான் கீது. அந்தக் காயிதம்.

— எனக்கு ரொம்ப அசதியா இருக்கு சார்.

— எனக்கும்தான்.

— மொதல்ல ரெண்டு பேரும் எந்திரிங்க. காக்கா வந்து எடுத்துட்டுப் போயி எவ்ளோ நேரம் ஆவுது. எல போட்டாச்சு. கைய கழுவும்மா.

— ஒரு நிமிஷம்மா. சார்... நீங்க நாளைக்கு வரலன்னுதானே சொன்னீங்க. மேடை, மைக்குன்னா பேஜாருன்னீங்க. நான் வேணும்னா உங்கள தொந்தரவு பண்ணல. உங்களுக்கு ஒடம்பு முடியலன்னு அவங்ககிட்ட சொல்லிடறேன்.

— சொன்னேன் மேடம். வரலன்னுதான் சொன்னேன். இப்ப காலைல அஞ்சு மணிக்கு குளிச்சிட்டு, வேட்டி கட்டிகினு, அந்தக் காயிதத்தோட வாசல்ல நிப்பேன். வண்டி அனுப்பறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம்.