வாசல் விளக்கு பற்றிய அறிக்கை

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறரை மணிக்கு என் வீட்டு வாசல் விளக்கைப் போட்டேன். இருட்டிய பின் விளக்குப் போடுவதில் குறை காண இடமில்லை. கடற்காற்று இதமாக வீசியது. நானும் நல்ல மனநிலையில் இருந்தேன்.

அடுத்த வீட்டுச் செசிலியிடம், கடலிலுள்ள மீன்பிடி வள்ளங்களோடு பேசும் வயர்லெஸ் கருவி இருந்தது. ஆறரை முதல் ஏழு வரை நான் ஜெபமாலை சொல்லும் நேரம். அந்நேரம் பார்த்துத்தான் அவள் கணவன் சிலுவை கடலிலிருந்து கத்துவான்.

“ஏட்டி, பொரிச்ச மீனு வச்சிருக்கியா?”

“கடலுக்குள்ள கெடக்குத மனுசனுக்கு மீனுக்கா பஞ்சம்? வெரசா வாரும்.”

தெருவே சிரிக்கும். ஒலியைக் குறைக்குமாறு மூன்று முறை சொன்னேன். செசிலி சிரித்தபடி சரியென்றாள், குறைக்கவில்லை.

ஆகஸ்டில் வாசலுக்குப் புதிய எல்.இ.டி. விளக்கு வாங்கினேன். போட்டவுடன் செசிலியின் கருவியில் பேச்சு மறைந்து இரைச்சல் எழுந்தது. அணைத்தேன்; பேச்சு வந்தது. போட்டேன், போயிற்று. விளக்கு பழுதென்று விளங்கிற்று. அன்றுமுதல் ஜெபமாலை சொல்லும் அந்த அரை மணி நேரம், நாள் தவறாமல் போட்டேன். இரைச்சல் ஒரே சீராக இருந்ததால் ஜெபத்துக்கு இடையூறில்லை.

கருவிகள் பழுதுபார்க்கும் பிரைட்டனைச் செசிலி அழைத்தாள். அவன் என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவன். ஒரு நாள் என் ஜெப நேரத்தில், கையடக்க வயர்லெஸ் கருவியோடு வீடு வீடாக நுழைந்து, ஃபிரிட்ஜ், மோட்டார் என ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தான். என் வாசலில் இரைச்சல் உச்சத்தை எட்டியது. அவன் படியேறவில்லை.

“டீச்சர் வீட்டுல என்னத்த பழுது இருக்கப் போவுது? லைன் கம்பியாத்தான் இருக்கும்” என்று மின்கம்பத்தைப் பார்த்துவிட்டுப் போனான். என் வாழ்நாளில் நான் திருத்தாமல் விட்ட விடை அது ஒன்றே.

அந்தச் செவ்வாயன்று மற்ற வள்ளங்கள் கரைசேர்ந்துவிட்டன. ஆறு ஐம்பதுக்கு இரைச்சலினூடே சிலுவையின் குரல் கேட்டது.

“தண்ணி கேறுது, செசிலி...”

“எங்க நிக்கிய? எங்கன்னு சொல்லும்.”

அவன் சொன்னான். இடத்தின் பெயர் மட்டும் கேட்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஜெபமாலையில் கடைசிப் பத்து மணிகள் பாக்கி. பாதியில் எழுவது என் வழக்கமன்று. ஏழுக்கு விளக்கை அணைத்தேன். கருவி தெளிவாயிற்று, பேசத்தான் ஆளில்லை.

மூன்றாம் நாள் வள்ளம் மட்டும் கிடைத்தது.

இரைச்சலின் காரணத்தைக் கண்டறிந்து எழுத ஊர்க் கமிட்டி என்னை நியமித்தது. ஒழுங்காகச் செய்வேன் என்றார்கள். செய்திருக்கிறேன். காரணம் என் வாசல் விளக்கு. அதை மாற்றுவதென்று முடிவெடுத்து, மாற்றியும்விட்டேன். செசிலியின் கருவியில் இனி எந்தத் தடையும் இராது. அவள்தான் அதைப் போடுவதில்லை.