பூங்கனி அக்கா தப்பாகப் போட்ட ஒரு கணக்கு

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, பூங்கனி அக்காவைப் பெற்ற நேசம்மாள் பெரியம்மா அவர்களே, எங்கள் படிப்பு வட்டத்து அண்ணன்மாரே, அக்காமாரே, சந்தையிலிருந்து அப்படியே வந்திருக்கும் தாய்மாரே! வணக்கம். மைக் முன்னால் நான் நிற்பது இதுதான் முதல் தடவை. அக்காவின் நினைவாக எழுதி வந்ததை வாசிக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்போடு நின்ற நான், சந்தையில் அக்காவின் கூடைக்குப் பக்கத்தில் கூடை வைத்தவள். "சும்மா வந்து இரிட்டி, கூட்டம் சேரட்டு" என்று அக்காதான் என்னை இந்த மன்றத்துப் படிப்பு வட்டத்துக்கு இழுத்து வந்தார். காலையில் மீன், மாலையில் சதவீதம்! கிராம நிர்வாக அலுவலர் ஆகவேண்டும் என்று அவரைப்போல் உழைத்தவர் இந்தக் கடற்கரையில் யார் இருக்கிறார்கள்?

ஒருநாள் கரும்பலகையில் ஒரு கணக்கு. விலை இருபது சதவீதம் கூடுகிறது. விற்பனை இருபது சதவீதம் குறைகிறது. வருவாயில் என்ன மாற்றம்?

"ஒரு மாற்றமும் இல்ல. காலையில பத்து ரூவா ஏத்துதோம், வெயிலேறினா பத்து ரூவா எறக்குதோம். பழைய வெலதானே! இதுக்குப் பேனா எதுக்கு?" என்றார் அக்கா.

"பரீட்சைக்கும் சாளை மீன் கூடையத் தூக்கிட்டுப் போவியளாக்கா?" என்றார் ஜெபிஷ் அண்ணன்.

"போவேம்ல! ஒனக்கு ஒரு கூறு தனியா வைக்கேன்."

எல்லோரும் சிரித்துக்கொண்டே அந்த விடையை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பின்வரிசையில் நான் மனதுக்குள் நூறு மீன் விற்றுப் பார்த்தேன். பத்து ரூபாய் மீன் பன்னிரண்டு ஆகிறது. நூறு விற்ற இடத்தில் எண்பதுதான் விற்கிறது. ஆயிரம் வரவேண்டியது தொள்ளாயிரத்து அறுபது. எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை. பத்தாவது தாண்டியவர்கள் நடுவில் நான் எப்படிச் சொல்வேன்?

அதே கணக்கு தேர்வில் வந்தது! "நம்ம மீன் கணக்கு வந்துட்டு மக்கா" என்று அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார். அப்போதும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி மார்க்கில் அந்த வேலை கைநழுவிப் போனது. விடைக்குறிப்பைப் பார்க்க அக்காவுக்கு மனம் வரவில்லை. அன்றைக்கும் நான் சொல்லவில்லை. எத்தனை காலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து விற்றேன்! ஒரு காலையாவது வாய் திறந்தேனா? அக்காவைக் கொண்டுபோன காய்ச்சலில் படுப்பதற்கு முந்தின நாளும் அதே கணக்கை, அதே விடையோடு, நமக்காகப் பலகையில் எழுதிவைத்தார்.

பெரியம்மா, என்னை மன்னிக்க வேண்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நம் வட்டத்தில் நான்கு பேர் அந்தத் தேர்வுக்குப் போகிறார்கள். நோட்டில் இருக்கும் அந்த விடையை அடித்துவிடுங்கள். நான்கு சதவீதம் குறையும். நாளை மாலை வாருங்கள், நான் போட்டுக் காட்டுகிறேன். இனி பின்வரிசையில் உட்கார மாட்டேன். பலகையில் அக்காவின் கையெழுத்து இன்னும் இருக்கிறது. கணக்கை அழிக்க மாட்டேன். விடையை மட்டும் அழிப்பேன்.