மாதம்மாள் தீட்டாத ரம்பம்

மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மலையடிவாரத்துக்குப் போகிற மண் ரோடு. பங்குனி வெயில்... ஒரு காக்கா கூட இல்லை. அந்த ரோட்டில் ஒருத்தி செருப்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு கையை இறுக மூடியிருந்தாள். கைக்குள்ளே, எண்ணெய்ப் பிசுக்கோடு, ஒரு நட்டு.

விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள், பூச்சி வருகிறது. இன்னும் கிட்ட வாருங்கள். பேய் என்றால் ராத்திரிதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம்ம காளியப்பனின் சின்னம்மாவுக்கு நடந்தது பட்டப்பகலில். எண்பத்தாறோ, எண்பத்தேழோ, அந்த வருஷம்.

சின்னம்மா பேர் மாதம்மாள். இண்டூர்ப் பெண். மலையடிவாரத்து ராஜப்பனுக்கு இரண்டாந்தாரமாக வாக்கப்பட்டுப் போனாள். மூத்தவள் தீர்த்தம்மாள் மஞ்சள் காமாலையில் போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ராஜப்பனுக்கு மரம் அறுக்கிற வேலை. இரண்டு பேர் இழுக்கிற ரம்பம் இல்லை. பெட்ரோலில் ஓடுகிற செயின் ரம்பம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்போது அவனிடம் மட்டும்தான் இருந்தது.

செத்தவள் மேல் பொறாமைப்பட என்ன இருக்கிறது? அந்த வீட்டில் அவளுக்கு ஒரு போட்டோ கூடக் கிடையாது. ஆனால் ரம்பம் இருந்தது. அதைத் தொட்டாலே அவன் வாயில் தீர்த்தா வந்துவிடுவாள். சேலத்துக் கடையில் நீளமான மெஷின் ஒன்றைக் காட்டினார்களாம், இவன் அதற்கு ஆசைப்பட்டானாம். சாயங்காலம் வரைக்கும் உன் தோள் இதைத் தாங்காது, கை அசந்த நேரம் பார்த்துத்தான் எகிறும், கைக்கு அடங்குவதை எடு என்று அவள்தான் சின்னதை எடுக்கவைத்தாளாம். அவன் வேலை முடிந்து வந்ததும் மூடியைக் கழற்றி மரத்தூளைத் துடைப்பது, வட்ட அரத்தால் பல் பல்லாகத் தீட்டுவது, செயினை விரலால் இழுத்துத் தொய்வு பார்ப்பது... எல்லாம் அவள்தானாம். மாதம்மாள் சோறு போட்டுக்கொண்டே கேட்பாள். கரண்டியைச் சட்டியில் ணங்கென்று போடுவாள்.

தை அமாவாசைக்கு மூத்தவளுக்குப் புடவை வைத்துக் கும்பிட வேண்டும் என்று கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று எடுத்து வந்தான். மாதம்மாள் அதைப் படையலில் வைக்கவில்லை. தான் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் இன்னும் விடியவில்லை. ரம்பம் வைக்கிற கொட்டகையில் ஒரு சத்தம். கிரீச்... கொஞ்சம் நிறுத்தி... கிரீச்... இரும்பில் அரம் உரசுகிற சத்தம். அவன்தான் தீட்டுகிறான் என்று புரண்டு படுத்தாள். புரண்டபோது கை அவன் முதுகில் பட்டது.

அவன் பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தான்.

கிரீச்... கிரீச்... பெட்ரோல் வாசனையோடு விளக்கெண்ணெய் தடவிய தலைமுடி வாசனையும் வந்தது. மாதம்மாள் தலைக்குத் தேங்காயெண்ணெய்தான் வைப்பாள்.

காலையில் பார்த்தால் ரம்பம் சாக்கின் மேல் இருந்தது. துளி தூள் இல்லை. பல்லெல்லாம் மினுங்கியது. ராஜப்பன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

"நீயா புள்ள தீட்டின? தீர்த்தா கையாட்டமே இருக்குது."

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் கல்யாணமாகி வந்த நாளாக அவன் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை.

"பின்ன, வேற யாரு தீட்டுவா?" என்றுவிட்டாள்.

அப்புறம் தினமும் அதேதான். விடியலில் அரம் உரசும், அவள் காதைப் பொத்திக்கொள்வாள். காலையில் பாராட்டை வாங்கிக்கொள்வாள். பயம் இல்லாமல் இல்லை. பயத்தைவிட அந்தப் பேச்சு ருசித்தது. அவன் பூ வாங்கி வர ஆரம்பித்தான். முன்பெல்லாம் மெஷினைக் கிளப்பும் முன் தரையில் வைத்து நட்டையும் செயினையும் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பான். இப்போது அதையும் விட்டுவிட்டான். எல்லாம் வீட்டிலேயே பார்த்தாகிவிட்டது என்று கூட்டாளிகளிடம் பெருமை வேறு.

பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் ஒருநாள், இந்த வேலையை எங்கே கற்றாய் என்று கேட்டாள். கொட்டகையை ஒட்டி நின்றுகொண்டு மாதம்மாள் சொன்னாள்:

"இதென்ன பெரிய வித்தையா? செத்தவளத்தான் எல்லாரும் தூக்கி வெச்சுப் பேசறீங்க. அவளவிட நான் நல்லாவே தீட்டறன்."

அடுத்த விடியலில் சத்தமே கேட்கவில்லை.

ராஜப்பன் அவசரமாக ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு புளியமரம் அறுக்கப் போய்விட்டான். மாதம்மாள் உலைக்கு அரிசி களைந்தாள். விரலில் ஏதோ இடறியது. கல் என்று எடுத்தாள். நட்டு. அரிசித் தண்ணீரில் எண்ணெய் பூப்பூவாக மிதந்தது.

அவன் பலமுறை சொல்லியிருக்கிறான். செயின் ஓடுகிற பட்டையை இரண்டு நட்டுதான் பிடித்திருக்கிறது. ஒன்று இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் தாங்கும். அப்புறம் பட்டை ஆடும், செயின் தெறிக்கும். தெறித்தால் கையோ, தொடையோ... எதில் பட்டாலும் ஆள் தப்ப முடியாது.

அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

தூரத்தில் மெஷின் சத்தம் கேட்டது. ட்ர்ர்ர்ர்... மரத்துக்குள் இறங்கும்போது குரல் கனக்குமே, அந்தச் சத்தம். கேட்கிற வரைக்கும் உயிரோடு இருக்கிறான் என்று அதைப் பிடித்துக்கொண்டே ஓடினாள். மரத்துக்கு இன்னும் அரை மைல் இருக்கும்போது திடீரென்று நின்றது. ஒரு கத்தல் இல்லை... ஒன்றும் இல்லை.

புளியமரம் பாதி அறுபட்டு நின்றது. அடியில் பச்சை மரத்தூள் வாசனை. நிழலில் ராஜப்பன் உட்கார்ந்து, சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டிருந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. மூச்சிரைக்க அவன் முன்னால் போய்க் கையை விரித்தாள். அவன் நட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மறுபடியும் எதுக்கு ஓடியாந்த? அதான் நீயே நிறுத்தச் சொல்லி, மாட்டிக் குடுத்துட்டுப் போனியே."

ரம்பத்தைப் பார்த்தாள். இரண்டு நட்டும் இறுக்கமாக இருந்தன. அவள் கையில் இருந்தது மூன்றாவது.

பக்கத்தில் ஒரு தேக்கிலை. அதில் பாதி ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. இன்று குழம்பு அப்படி ருசியாக இருந்தது, இதுவரைக்கும் நீ இப்படிச் செய்ததே இல்லை என்றான் அவன். இப்போதுதானே மலைப்பக்கமாகப் போனாய் என்று கையைக் காட்டினான். அந்தப் பக்கம் வீடும் கிடையாது, வழியும் கிடையாது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் வரவில்லை என்று ஒரு வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால் ஒருநாளும் தான் தீட்டவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

"ஆமா மாமா... மறந்துட்டு இன்னொன்னு எடுத்தாந்துட்டன்," என்றாள்.

அதற்குப் பிறகு அரம் உரசவில்லை. விளக்கெண்ணெய் வாசனை வரவில்லை. ஒழிந்தது என்றுகூட நினைத்தாள்.

மழை பிடித்த ஒரு சாயங்காலம், கிணற்றிலிருந்து குடத்தோடு வந்தாள். வீட்டுக்குள் ராஜப்பன் யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பை அவள் கேட்டதே இல்லை. அவளுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. எவள் அது என்று வாசற்படியில் கால் வைத்தாள்.

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்: "மாமா, வாசல்ல யாரோ நிக்கறாங்க பாருங்க."

அது மாதம்மாளின் குரலேதான்.

ராஜப்பன் வெளியே வந்தான். அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"யாருங்க வேணும்?" என்றான், மரியாதையாக.

ஈரப் புடவையோடு இண்டூருக்கு, காளியப்பனின் அம்மாவான அக்கா வீட்டுக்கு வந்து விழுந்தாள். நியாயம் கேட்கக் காளியப்பனின் அப்பாதான் மறுநாள் போனார். போனவர் இருட்டிய பிறகு திரும்பினார். ராஜப்பன் நல்லபடியாகப் பேசினானாம். வீட்டுக்காரியும் இலை போட்டுச் சாப்பாடு வைத்தாளாம். எப்போதும் போல அத்தான், அத்தான் என்று கூப்பிட்டு, அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாளாம். மாதம்மாள் தனக்கு முன்னாலேயே கிளம்பி வீடு போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அவரும் நினைத்துக்கொண்டாராம்.

தெருவிலிருந்தே அக்காவிடம் இதைச் சொல்லிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தவர், கூடத்தில் உட்கார்ந்திருந்த மாதம்மாளைப் பார்த்தார். அன்று ராத்திரி அவர் வீட்டுக்குள் வரவில்லை.