முதுகில் போட்ட தண்டவாளம்

“அசையாதீய அண்ணாச்சி, தென்காசி ஸ்டேஷன் அழிஞ்சிரும்!”

குற்றாலம் பேரருவி வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். எண்ணெய் வழிந்த பருத்த முதுகொன்றில், ஒல்லியானவர் தன் பொம்மை ரயிலுக்கு விரலால் தண்டவாளம் வரைந்துகொண்டிருந்தார்.

“திருநெல்வேலி லைன் பிரியுத பாயிண்டு நேரா இருந்தா, எங்க வீட்டுல இடம் காணாது. நெல்லு கொட்டி வச்சிருக்க குலுக்கையில போய் இடிக்கும்.”

“குலுக்கையை நகத்துலே.”

“வீட்டுக்காரி என்னையத்தான் நகத்துவா. வளைவுலேயே பிரியுத பாயிண்டு பம்பாய்க் கடையில இருக்காம். மச்சான் நாளைக்கு அங்க வண்டி ஏறுதான், வாங்கியாரச் சொல்லணும்.”

“வளைவுக்குள்ள வளைவா? இன்ஜின் கவுந்துராதா?”

“மெதுவா விட்டா கவுழாது. இந்தா, இங்கன வந்து, இப்படிப் பிரியுது.”

“ஏலே, கூசுதுலே! சரி, அதையே வாங்கு. இடப்பக்கம் பிரியுததா, வலப்பக்கம் பிரியுததா?”

“இருங்க, பாத்துச் சொல்லுதேன்.”

அதற்குள் பின்னாலிருந்த கூட்டம் தள்ளிவிட்டது. பருத்தவர் அருவிக்குள் போய், துடைத்துவிட்ட கரும்பலகை மாதிரி முதுகோடு வெளியே வந்தார்.

“அண்ணாச்சி, எந்தப் பக்கம் கூசிச்சு?”

“ரெண்டு பக்கமுந்தாம்லே.”

இருவரும் மறுபடி எண்ணெய் தேய்க்க ஆள் தேடிப் போனார்கள்.